இஞ்சிப் புழு இருந்த விரதம்

கவுட்டுப்பாறைக்குப் பஸ் ஏறாது. அறிவும் அந்தக் காரணத்தால்தான் ஏறி வரவில்லை என்று அடிவாரத்து டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அது அநியாயம். அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவு உண்டு. சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்வார்கள், அவ்வளவுதான். சொன்னவர் மனசுக்குள் என்ன வைத்திருந்தார் என்று துழாவுவது அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி தப்பு என்பது அவர்கள் எண்ணம்.

மலையில் மொத்தம் ஏழு வீடு, ஏழு வீட்டுக்கும் இஞ்சித் தோட்டம். ஏழாவது வீடு வீரணனுடையது. ஒருமுறை அவன் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது பஸ் கண்டக்டர், "அண்ணே, வளைவு வருது, அந்த மூட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார். வீரணன் பிடித்துக்கொண்டான். விடச் சொல்லி யாரும் சொல்லாததால் பிடித்தபடியே இறங்கி, பிடித்தபடியே மலையேறினான். மூட்டை ஒரு பாத்திர வியாபாரியுடையது. அவர் மூன்று மைல் பின்னாலேயே ஓடி வந்து, மேல்மூச்சு வாங்க, "விடுய்யா" என்றார். வீரணன் உடனே விட்டான். இடம் செங்குத்துச் சரிவு. பாத்திரங்கள் வியாபாரிக்கு முன்னால் அடிவாரம் போய்ச் சேர்ந்தன.

இப்படிப்பட்டவனுக்கு மாயக்காள் மாதிரி ஒரு பெண்டாட்டி வாய்த்தது அவன் செய்த புண்ணியம். அவள் அடிவாரத்துப் புளியந்துறைக்காரி, விவரமானவள். பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தனம் நடத்தினாள். மூன்று வருஷமாக இஞ்சியில் புழு விழுந்து, விதைத்த அளவுகூட வீட்டுக்கு வராமல் போனபோது அவளுக்கே பொறுமை போய்விட்டது. நாலாம் வருஷம் இஞ்சி நட்டு முடித்த மறுநாள் துணிமணியை எடுத்துக் கட்டினாள்.

"ஒரு மூட்டை இஞ்சியை என் கண்ணுல காட்டு. அன்னைக்குத்தான் இந்த வாசலை மிதிப்பேன். அதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத."

வீரணனிடம் ஒரு வார்த்தை தயாராகத்தான் இருந்தது. போகாதே என்ற வார்த்தை. பேசாதே என்று சொல்லிவிட்டதால் அதை விழுங்கிக்கொண்டு நின்றான். அவள் பாறை வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சொன்னதைச் செய்கிறேன் என்று தலையை ஆட்டினான். அவள் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

அன்றையிலிருந்து வீரணனுக்குச் சோறு இறங்கவில்லை. ரசம் வைத்தால் புளித்தண்ணீராக இருந்தது. புளித்தண்ணீர் கரைத்தால் அது ரசமாகவும் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு மூட்டை இஞ்சி. அதற்காக கண்ட சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்தான். ஆடி பிறந்ததும் நடுக்குருத்து மஞ்சளாகிக் காய ஆரம்பித்தது. தண்டில் பொட்டு மாதிரி ஓட்டை, ஓட்டை வாயில் மரத்தூள் மாதிரி எச்சம்.

தோட்டக்கலை ஆபீசரம்மா படம் போட்ட அட்டையோடு மலையேறி வந்தார். ஏழு வீட்டுக்காரர்களும் தண்ணீர்த்தொட்டி மேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊருக்குப் பெரியவர் ஒச்சப்பன் நடுவில். கவுட்டுப்பாறையில் எதுவானாலும் ஏழு வீடும் சேர்ந்து கேட்டு, ஏழு வீடும் "சரி" என்ற பிறகுதான் நடக்கும்.

"இது குருத்துத் துளைப்பான்" என்றார் ஆபீசரம்மா. "தாய் அந்துப்பூச்சி இலையில முட்டை வைக்கும். நாலஞ்சு நாள்ல முட்டை பொரிஞ்சு புழு வரும். புழு தண்டைத் துளைச்சு உள்ள போய்த் தின்னும். ரெண்டு மூணு வாரம் தின்னு வயிறு நிறைஞ்சதும், உள்ளயே கூடு கட்டிக்கிட்டு கூட்டுப்புழுவா ஆயிடும். பத்து நாள் அது சாப்பிடாது, அசையாது. அப்புறம் மஞ்சளா, மேல கறுப்புப் புள்ளி வச்ச அந்துப்பூச்சியா வெளிய வரும். வந்து மறுபடி முட்டை வைக்கும். புரியுதா?"

ஏழு பேரும் "சரி" என்றார்கள்.

"அதனால பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை தோட்டத்தைச் சுத்தி வாங்க. ஓட்டை விழுந்த தண்டை வெட்டிப் பிளந்து, உள்ள இருக்கிற புழுவை அழிச்சிருங்க."

அடுத்த மாதம் அவர் திரும்பி வந்தபோது ஒவ்வொரு தோட்டத்து வேலிக்கும் வெளியே ஒற்றையடிப்பாதை பளபளவென்று தேய்ந்து கிடந்தது. உள்ளே குருத்தெல்லாம் காய்ந்து நின்றது.

"என்ன பண்ணுனீங்க?"

"சுத்தி வந்தோம் தாயி" என்றார் ஒச்சப்பன். "பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி, ஒரு தோட்டத்துக்கு மூணு சுத்து. காமுத்தாய் மட்டும் ஏதோ வேண்டுதல்னு ஒம்போது சுத்து."

காமுத்தாய் இரண்டாவது வீட்டுக்காரி. வேண்டுதல் எதையும் பாதியில் விடமாட்டாள். அவள் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டாள்.

ஆபீசரம்மாவே அரிவாளை வாங்கிக்கொண்டு வீரணன் தோட்டத்துக்குள் இறங்கி, ஒரு தண்டை வெட்டிப் பிளந்து, உள்ளே நெளிந்த புழுவைக் காட்டினார். "இதை எடுத்து அழிங்க. இலைக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிங்க. விளக்குப் பொறி வைங்க, அதாவது ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, கீழ அகலமான தட்டுல தண்ணி வச்சா அந்துப்பூச்சி வந்து விழுந்திரும்" என்று சொல்லி, மூன்றையும் எழுதியும் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அன்று ஏழு பேரும் உள்ளே இறங்கினார்கள். அதில் குறை சொல்ல இடமே இல்லை. வீரணன்தான் முதல் தண்டை வெட்டினான். பிளந்தான். உள்ளே புழு இல்லை. நூலால் பின்னிய மெல்லிய கூட்டுக்குள் பழுப்பு நிறத்தில் ஒன்று, கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு, கண் மூடிக் கிடந்தது.

"இது புழுவா?" என்று கேட்டான்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். புழு என்றால் நெளிய வேண்டும். இது நெளியவில்லை.

"அந்தம்மா சொன்னாகளே" என்றாள் காமுத்தாய் மெதுவாக. "பத்து நாள் சாப்பிடாது, அசையாதுன்னு. தனியா அறைக்குள்ள இருக்கும்னு."

ஒச்சப்பன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஏப்பா, இது விரதத்துல இருக்கு."

கவுட்டுப்பாறையில் விரதம் என்றால் விளையாட்டில்லை. காப்புக் கட்டி விரதம் இருப்பவரிடம் யாரும் குரல் உயர்த்தக் கூடாது. அதற்கு முன் அவர் என்ன செய்திருந்தாலும் கேட்கக் கூடாது. ஒச்சப்பன் ஒருமுறை காமுத்தாயின் கோழியைக் குழம்பு வைத்துவிட்டு, அவள் கேட்க வருவதற்குள் காப்புக் கட்டிக்கொண்டார். அந்தக் கோழியைப் பற்றி இன்று வரைக்கும் பேச்சில்லை.

பிளந்த தண்டை மறுபடி சேர்த்து மூடி, மஞ்சள் நூல் சுற்றிக் கட்டினார்கள். விரதம் கலையாமல் இருக்க இஞ்சித் தோட்டத்துக்குள் செருப்போடு போவது நிறுத்தப்பட்டது. வேப்பெண்ணெய் தெளிக்கும் விஷயம் தொட்டி மேடைக்கு வந்தபோது, விரதக்காரர் தலையில் எண்ணெய் படலாமா என்று காமுத்தாய் கேட்டாள். எண்ணெய்க் குடத்தை மூடி மேலே ஒரு கல் வைத்துவிட்டார்கள்.

அடுத்த தண்டில் அசல் புழுவே கிடைத்தது. நெளிந்தது, தின்றது, எந்த விரதத்திலும் இல்லை. வீரணன் கல்லை எடுத்தான். மூன்றாவது வீட்டுத் தொத்தன் அவன் கையைப் பிடித்தான். தொத்தன் நியாயம் பேசுவதில் ஊருக்கே வக்கீல்.

"இது இன்னும் எத்தனை நாள் திங்கும்?"

"வயிறு நிறையுற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"விரதம்."

"திருந்தப் போறவனை அடிக்கலாமா அண்ணே?"

வீரணன் கல்லைக் கீழே போட்டான். வயிறு நிறைந்தால்தான் திருந்தும் என்றால், சீக்கிரம் நிறைத்துவிட்டால் சீக்கிரம் திருந்தும் என்று ஒச்சப்பன் கணித்தார். ஏழு வீடும் "சரி" என்றது. அன்று முதல் காய்ந்த தண்டில் அரைகுறையாகத் தின்றுகொண்டிருந்த புழுக்களை எடுத்து, நன்றாகத் தளதளவென்று நின்ற தண்டுகளில் கொண்டுபோய் விட்டார்கள். ஓட்டை போட அதற்குச் சிரமமாக இருக்குமே என்று காமுத்தாய் ஊசியால் துளை போட்டும் கொடுத்தாள்.

வீரணனுக்கு நல்ல குருத்து ஒவ்வொன்றும் சாய்வதைப் பார்க்கும்போது மாயக்காள் இன்னும் ஒரு பாறை தள்ளிப் போகிற மாதிரி தோன்றியது. ஒருநாள் தாங்க முடியாமல் ஒச்சப்பனிடம் கேட்டுவிட்டான்.

"மாமா, எல்லாம் திருந்தி முடிஞ்சதும் எனக்கு ஒரு மூட்டை இஞ்சி மிஞ்சுமா?"

"இஞ்சி எங்கடா போயிரும்? நடந்து போக அதுக்குக் காலா இருக்கு?"

அது சரியாகப் பட்டதால் வீரணன் சமாதானமானான்.

புரட்டாசியில் விரதம் முடிய ஆரம்பித்தது. ஒரு காலையில் காப்புக் கட்டிய தண்டிலிருந்து முதல் அந்துப்பூச்சி வெளியே வந்து, சிறகை விரித்துக் காயவைத்தது. மஞ்சள் உடை. அதில் அங்கங்கே கறுப்புப் பொட்டு. ஏழு வீட்டுக்காரர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"மஞ்சள் உடுத்தி வந்திருக்கே" என்று காமுத்தாய் கண் கலங்கினாள். "எப்படித் தின்னுச்சு, இப்ப பாரு, தண்டுப் பக்கமே போகல."

உண்மைதான். அது தண்டைத் தொடவில்லை. இலைக்கு இலை தாவி, முட்டையை மட்டும் வைத்துக்கொண்டே போனது. நல்லவர்கள் பெற்ற பிள்ளை நல்லபடியாகத்தான் இருக்கும் என்று தொத்தன் சொன்னான். வீரணனுக்கு மட்டும் ஆபீசரம்மா கொடுத்த சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. விளக்குப் பொறி இன்னும் பாக்கி. சொன்னதைச் செய்யாமல் விட்ட கெட்டபேர் ஊருக்கு வேண்டாம் என்று அதையும் வைத்தார்கள். இருட்டில் வைத்தால் யார் வந்தது, யார் வரவில்லை என்று எப்படித் தெரியும்? ஆகவே நடு மத்தியானம், நல்ல வெயிலில், ஏழு வீட்டு லாந்தரையும் ஏற்றித் தொங்கவிட்டு, கீழே தட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்து, ஆளுக்கொரு விளக்கடியில் உட்கார்ந்தார்கள். ஒரு பூச்சியும் வரவில்லை. தொத்தனுக்கு மயக்கம் வந்தது. தட்டில் விழுந்தது அவன் ஒருவன்தான்.

ஐப்பசி வந்தது. வீரணன் தன் தோட்டத்தைப் பார்த்தான். பச்சை என்று சொல்ல ஒரு தண்டு இல்லை. எல்லாம் சருகாகச் சாய்ந்து கிடந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான். ஐந்து மாதமாக மாயக்காளிடம் பேசாமல் அடக்கி வைத்ததெல்லாம் அந்த அழுகையில் வந்தது. சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது.

"இஞ்சி போச்சு மாமா. இனி அவ வரமாட்டா."

ஒச்சப்பன் இதை லேசில் விடவில்லை. தொட்டி மேடையில் பஞ்சாயத்து கூடியது. காலையில் தொடங்கி மதியச் சோறு ஆறிப்போகும்வரை பேசினார்கள்.

"தோட்டத்துல இருந்த இஞ்சி எங்க போச்சு?" என்று தொடங்கினார் ஒச்சப்பன்.

"புழு தின்னுச்சு" என்றான் வீரணன்.

"அப்ப இஞ்சி புழுவுக்குள்ள. புழு எங்க?"

"கூட்டுப்புழுவா ஆச்சு" என்றாள் காமுத்தாய்.

"கூட்டுப்புழு விரதத்துல ஒரு பருக்கை தின்னல. அப்ப புதுசா எதுவும் உள்ள சேரல. தின்ன இஞ்சி அப்படியே இருக்கு. அது என்ன ஆச்சு?"

"அந்துப்பூச்சியா ஆச்சு" என்றார்கள் எல்லாரும்.

தொத்தன் எழுந்து நின்றான். "அப்ப அந்துப்பூச்சிதான் இஞ்சி. பூரா இஞ்சியும் ஊருக்குள்ளயேதான் இருக்கு. மூட்டை கட்டாம கிடக்கு, அவ்வளவுதான்."

ஏழு வீடும் "சரி" என்றது. இத்தனை சுத்தமான "சரி" அந்த மேடையில் அதற்கு முன்னால் விழுந்ததில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து அறுவடை. அந்துப்பூச்சிகள் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரதம் முடித்தவர்கள் ஆயிற்றே, அதனால் இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்து, சாக்குக்குள் விட்டார்கள். ஏழு தோட்டத்திலும் ஓர் இலை பாக்கியில்லாமல் தேடினார்கள். கீழே விழாமல் இருக்கட்டும் என்று முட்டை ஒட்டிய இலைகளையும், புழு இருந்த தண்டுகளையும், காப்புக் கட்டிய தண்டுகளையும் அறுத்துச் சேர்த்தே போட்டார்கள். சிறுசோ பெரிசோ, யார் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் வீரணனுடைய இஞ்சிதானே. நான்கு நாளில் கவுட்டுப்பாறையில் அந்த வகையறா ஒன்றுகூட மிச்சமில்லை. ஆபீசரம்மா எழுதிக் கொடுத்ததை அவர்கள் அறியாமலே செய்து முடித்திருந்தார்கள். இருந்தாலும் அதைச் சொல்லி அவர்களைக் குழப்ப யாரும் பக்கத்தில் இல்லை.

வீரணன் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு புளியந்துறைக்கு இறங்கினான். மாயக்காள் அண்ணன் வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் கை நின்றது. இளைத்துப்போயிருந்தான். அவளும்தான். அவன் மூட்டையை அவள் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

"அஞ்சு மாசம் எட்டிப் பாக்கல. இப்ப வந்து ஊமை மாதிரி நின்னா என்னய்யா அர்த்தம்?"

அவன் தன் வாயைத் தொட்டுக் காட்டி, அவளைச் சுட்டிக் காட்டினான்.

மாயக்காளுக்கு அப்போதுதான் விளங்கியது. தேய்த்த சாம்பல் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள். "அடப்பாவி மனுசா. நான் சொன்னதுக்காக அன்னைக்கும் பேசாம நின்னியா? போகாதன்னு ஒரு வார்த்தை நீ சொல்லுவியான்னு பாறை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேனே. பேசித் தொலைய்யா இப்ப."

"நீ இல்லாம நல்லாவே இல்ல புள்ள" என்றான் வீரணன். "இஞ்சி கொண்டாந்துட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தலையணை கனம்கூட இல்லை.

"என்னய்யா, கனமே இல்ல?"

"சுக்காயிருக்கும்" என்றான். "காஞ்சா எடை குறையும்ல."

உள்ளே சரசரவென்று சத்தம். சாக்கின் இழை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மஞ்சளாக ஒன்று அவளைப் பார்த்தது. பத்து வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு மிச்சத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"இதுல எத்தனைய்யா இருக்கு?"

"மலையில ஒண்ணு பாக்கியில்ல. முட்டை, புழு, விரதத்துல இருக்கிறது, எல்லாம் இதுக்குள்ளதான்."

மாயக்காள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளும் இஞ்சி பார்த்தவள்தான். பூச்சி தின்றது தண்டை. கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. பூச்சி அத்தனையும் இந்தச் சாக்கில் என்றால், மழை ஈரத்தில் புதுக்குருத்து வந்து, தை மாதம் தோண்டும்போது ஒரு மூட்டை என்ன, நாலு மூட்டைகூடத் தேறும். மூன்று வருஷமாக எந்த மருந்துக்கும் நடக்காதது நடந்திருக்கிறது. அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். அந்த அவசரத்தில்தான் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

"இந்தா, நேரா ஓடைக்குப் போ. சாக்கை நல்லா தண்ணிக்குள்ள முக்கு. மேல பெரிய கல்லா ஒண்ணைத் தூக்கி வை. ஒரு நாழிகைக்கு எடுக்காத. நான் துணிமணியை எடுத்துக்கிட்டு இந்தா வந்துர்றேன், வீட்டுக்குப் போவோம்."

வீட்டுக்குப் போவோம் என்ற சொல் காதில் விழுந்ததும் வீரணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடைக்கு ஓடினான். சாக்கை முக்கப் போனவன், ஒரு கணம் யோசித்தான். அவன் பரம்பரை இஞ்சிக்காரன். சுக்கு நனைந்தால் பூசணம் பிடித்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா?

மாயக்காள் மூட்டை முடிச்சோடு ஓடைக்கரைக்கு வந்தபோது, வீரணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் சாக்கு, சொன்னபடி முழுக்க முங்கி, மேலே சொன்னபடி பெரிய கல். கரையில், வெயில் காய்ந்த பாறையில், இலையும் தண்டும் பக்குவமாகப் பரப்பிக் கிடந்தன. அதற்கு மேலே மஞ்சளாக ஒரு கூட்டம் எழும்பி, காற்று வாக்கில் கவுட்டுப்பாறையைப் பார்த்து மலையேறிக்கொண்டிருந்தது.

"பாத்தியா புள்ள" என்றான் வீரணன் பெருமையோடு. "சுமக்கிற வேலையே இல்ல. இஞ்சி நமக்கு முன்னாடி வீட்டுக்குப் போகுது."

மாயக்காள் முடிச்சைக் கீழே போட்டாள். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பியது. நிற்க முடியாமல் பாறையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வீரணனுக்குக் காரணம் விளங்கவில்லை. கல்லைப் புரட்டி, சாக்கை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பித் தடவிப் பார்த்தான்.

"ஏன் புள்ள, சாக்கு எங்கயாச்சும் நனையாம இருக்கா?"